எந்திரம் எழுதாத சொல்

போன மாதம் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் பேசியவர் நன்றாகவே பேசினார். செயற்கை அறிவு வந்துவிட்டது, கட்டுரை எழுதுகிறது, கணக்குப் போடுகிறது; இனிமேல் பட்டத்தை நம்பாதீர்கள், கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஆதாரத்துக்கு ஜெஃப்ரி ஹிண்டனைக் கூப்பிட்டார். இந்த எந்திர மூளைக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர், 2024-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர், அவரே 2025-ல் ஒரு நேர்காணலில் பிளம்பர் வேலை கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். சொன்னது உண்மைதான். கனடாவில் இருப்பவர் சொன்னார். பிளம்பர் மகன் பிளம்பராகத்தான் ஆகவேண்டும் என்று அங்கே ஊர்க்கட்டுப்பாடு கிடையாது.

இங்கே அதே வாக்கியத்தைக் கேட்கும்போது எனக்கு 1953 ஞாபகம் வருகிறது. ராஜாஜி கொண்டுவந்த, குலக்கல்வி என்று பேர் வாங்கிய திட்டம்: பள்ளிக்கூடத்தில் மூன்று மணி நேரம், மீதிப் பொழுது அப்பன் தொழில். பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்து நின்றார்கள். 1954-ல் காமராசர் வந்த பிறகுதான் அது ஒழிந்தது. இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. 1990-ல் மண்டல் அறிக்கையை எதிர்த்த மேல்சாதி மாணவர்கள் தில்லித் தெருவில் செருப்புக்குப் பாலிஷ் போட்டும் தெருக் கூட்டியும் 'போராடினார்கள்'. கைவேலை என்பது அவர்களுக்கு வீழ்ச்சியின் வேடம். சாயங்காலம் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது எழுத்து வேலையில் எந்திரம் கை வைத்ததும் கைவேலை திடீரென்று ஞானமாகிவிட்டது. உபதேசம் யாருக்கு? வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளுக்கு.

கையின் அறிவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டவர்கள் எத்தனை நாள், எவ்வளவு காரம், எப்போது எடுக்கணும் என்பதை விரலால் அறிந்தவர்கள். அந்த அறிவுக்கு இந்தச் சமூகம் வைத்த பெயர் தீட்டு. திறமையின் விலை அது யார் கையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் இங்கே தீர்மானமாகியிருக்கிறது. எந்திரமும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. மனிதர் கையால் மலம் அள்ளக் கூடாது என்று 1993-லும், பாதுகாப்பில்லாமல் மலக்குழிக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-லும் சட்டம் போட்டாயிற்று; 2018-ல் கேரளத்தில் அதற்கென்று ரோபோவே செய்துவிட்டார்கள். சாவு நிற்கவில்லை. கவிதை எழுத வந்த வேகத்தில் எந்திரம் குழிக்கு வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவி வந்தார், பி.ஏ. தமிழ் மூன்றாம் வருசம். "தோழர், அப்ப நான் எதுக்கு எழுதக் கத்துக்கிடணும்? மனு கூட இதுவே எழுதிருது பாருங்க" என்று செல்போனை நீட்டினார். கூலி பாக்கி கேட்ட அவருடைய அப்பாவை ஒருவன் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை முன்னால் வைத்துச் சாதிப் பேரைச் சொல்லித் திட்டியிருக்கிறான். ஏழெட்டுப் பேர் பார்த்திருக்கிறார்கள். அதற்கான மனு.

படித்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் கச்சிதம். ஒற்றுப்பிழை இல்லை (என் எழுத்தில் இருக்கும்). மனு எழுதுகிறவருக்குக் கொடுக்கிற காசு மிச்சம், அதுவும் சின்ன விசயமில்லை. ஆனால் நடந்தது எப்படி வந்திருந்தது? 'தகாத வார்த்தைகளால் மனம் புண்படும்படி பேசினார்.' முடிந்தது. 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பலர் பார்க்கிற இடத்தில் சாதிப் பேர் சொல்லி ஏசியதுதான் குற்றம். என்ன சொல், எந்த இடம், யார் பார்த்தது, மூன்றும் மனுவில் வேண்டும். எந்திரம் மூன்றையும் நாகரிகமாகத் துடைத்துவிட்டிருந்தது.

இந்த நாகரிகம் நமக்குப் புதுசா? 1992-ல் பாமாவின் 'கருக்கு' தெருப்பேச்சோடு வந்தது. அந்த வருசங்களில் தலித் எழுத்தைப் பார்த்துக் கொச்சை என்றும் கெட்ட வார்த்தை என்றும் முகம் சுளித்தவர்கள் உண்டு. எந்திரம் படித்ததெல்லாம் ஏற்கனவே எழுதி வைத்த தமிழை. அந்தக் குவியலில் நம்ம பேச்சு எத்தனை பக்கம் இருக்கும்? அது யாரிடம் கற்றதோ அவர்களைப் போலவே முகம் சுளிக்கிறது.

"சேர்க்கச் சொன்னா சேத்துரும் தோழர்" என்றார் அவர்.

சேர்க்கும். விட்டுப்போயிருக்கிறது என்று முதலில் நமக்குத் தெரியவேண்டுமே. அதற்குத்தான் எழுதிப் பழகணும், அடித்து எழுதணும், ஒரு சொல் இருக்கிற இடத்தையும் இல்லாத இடத்தையும் கண் பழகணும் என்றேன். பிளம்பர் கூலியோடு ஒப்பிட்டால் இதற்குச் சந்தையில் விலை வராமல் போகலாம்.

ராத்திரி அவரே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அப்பா பக்கத்தில் இருந்து, "அவன் 'நீ'ன்னு சொல்லலம்மா, 'ஏலே'ன்னான், அப்படியே போடு" என்றாராம். மறுநாள் ஸ்டேஷனில் அப்பா வாய்மொழியாகச் சொன்னதை ரைட்டர் எழுதிக்கொண்டு, கையெழுத்துக்குத் தாளைத் தள்ளினார். எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது 2015-ஆம் வருடத் திருத்தச் சட்டம். "படிச்சுக் காட்டுங்க சார், அப்புறம் அப்பா போடுவாங்க" என்றிருக்கிறார் இவர். ரைட்டர் நிமிர்ந்து பார்த்தாராம். படித்துக் காட்டினார். டீக்கடை இருந்தது, கூலி பாக்கி இருந்தது, அந்தச் சொல் இல்லை. வேறு தாளில் மறுபடி எழுத வைத்திருக்கிறார்.