வீரமாமுனிவர் படைப்புகளில் பரிந்துரை: வேண்டுதலின் இலக்கணமும் இலக்கிய வகையும்

முன்னுரை

வீரமாமுனிவர் (1680–1747) இயற்றிய திருக்காவலூர்க் கலம்பகம், ஏலாக்குறிச்சியில் கோயில்கொண்ட அடைக்கல அன்னையைப் பாட்டுடைத் தலைவியாகக் கொண்டது. இதனைத் தமிழகத் தாய்த்தெய்வ மரபின் தொடர்ச்சியாகக் காண்பது ஒருவகை வாசிப்பு. கத்தோலிக்க மரியியலின் தமிழ் வடிவமாகக் காண்பது மற்றொருவகை. இரண்டும் பெரும்பாலும் அன்னைக்குச் சூட்டப்பெற்ற அடைமொழிகளையே சான்றாகக் கொள்கின்றன. அவளிடம் வேண்டப்படுவது அருளா, பரிந்துரையா என்னும் வினாவை அடைமொழிகளைக் கொண்டு மட்டும் தீர்க்க இயலாது. இவ்வினாவே அவ்விரு வாசிப்புகளையும் மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

வேண்டுதலின் இலக்கணம்

புனிதர்கள் மக்களுக்காக இறைவனிடம் வேண்டுகின்றனர் என்றும், அவர்தம் துணையை நாடுவது நல்லது, பயனுடையது என்றும் திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் அறிவித்தது. எனினும் நன்மைகள் இறைவனிடமிருந்து, ஒரே மீட்பராகிய கிறித்துவின் வழியாகவே பெறப்படுகின்றன என்பதையும் அவ்வாணை உடன்கூறியது. தமிழ்க் கத்தோலிக்க வழிபாட்டு மொழி இவ்வேறுபாட்டை வினைச்சொற்களால் காக்கிறது. மன்றாட்டு மாலைகளில் இறைவனிடம் இரக்கம் நேரே கேட்கப்படுகிறது. புனிதரிடமோ அடியாருக்காக ‘வேண்டிக்கொள்ளுதல்’ கேட்கப்படுகிறது. வேண்டுவோர், பரிந்துரைப்போர், அருள்வோர் என மூவர் இடம்பெறும் அமைப்பு இது.

இவ்வேறுபாடு அக்காலத்தில் வெறும் நுண்பொருளாக இருக்கவில்லை. தரங்கம்பாடியில் 1706இல் லுத்தரன் மறைப்பணி தொடங்கியது. அச்சபையாரின் அவுக்சுபர்க் அறிக்கை (1530), புனிதரை முன்மாதிரியாக நினைவுகூர இடந்தந்து, அவரிடம் உதவி வேண்டுவதை விலக்கியது. அச்சபையாரை மறுத்து வேதவிளக்கம் எழுதியவரும் வீரமாமுனிவரே.

கலம்பகத்தின் நெருக்கடி

கலம்பகத்தில் பாட்டுடைத் தலைவரே புகழ்ச்சிக்கும் வேண்டுதலுக்கும் இறுதி இலக்கு. இடைநிற்போரை இவ்வகை அறியாததன்று. அதன் 18 உறுப்புகளுள் தூது ஒன்று. ஆயினும் தூது செல்வோர் தலைவரை நோக்கிச் செல்வரேயன்றித் தாமே தலைவர் ஆகார். பரிந்துரைப்பவளையே பாட்டுடைத் தலைவியாக்கும்போது இவ்வொழுங்கு புரள்கிறது. இறைவனை நோக்கித் தூது செல்ல வேண்டியவள், தூது வந்து சேரும் இடமாகிறாள். தமிழ்ப் பக்தி மரபில் இறைவனுக்கே உரியதாக வழங்கிவந்த ‘அடைக்கலம்’, ‘காவல்’ என்னும் சொற்கள் தலப்பெயர்களாக அமைந்தமை இவ்விளைவை வலுப்படுத்துகிறது.

தாய்த்தெய்வ வாசிப்புக்கு இடந்தருவது இவ்வடிவமே. கவிஞரின் சமயக் கருத்தன்று. வைணவத்தின் புருஷகாரக் கொள்கை இங்கு ஒப்பிடத்தக்கது. தாயார் பரிந்துரைப்பவளே, உபாயம் அல்லள் என்பது தென்கலையார் கொள்கை. உபாயமும் ஆவாள் என்பது வடகலையார் கொள்கை. அன்னையைத் தென்கலைத் தாயாரோடு செயலளவில் ஒப்பிடலாம். தன்மையளவில் ஒப்பிட இயலாது. தாயார் திருமாலின் பிரிவறியாத் தேவி. மரியாளோ படைக்கப்பட்ட மானிடப் பெண். இவ்வேறுபாட்டைப் பொதுமையான ‘தாய்த்தெய்வம்’ என்னும் சொல் மறைத்துவிடுகிறது.

காப்பியம் தரும் இடம்

தேம்பாவணி (1726) இந்நெருக்கடியை வேறுவகையில் எதிர்கொள்கிறது. 3 காண்டங்களும் 36 படலங்களும் கொண்ட இக்காப்பியத்தின் தலைவர், இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசை. அவருக்குக் கவிஞர் இட்ட ‘வளன்’ என்னும் பெயர், பெருகுதலைக் குறிக்கும் எபிரேயப் பெயரின் பொருளாக்கம். கதைப்போக்கு மூவருக்கும் இடந்தருகிறது. உழைத்தும் துயருற்றும் இறந்த மனிதராகவே வளன் காட்டப்படுகிறார். இறுதியான முடிசூட்டுப் படலத்தில் வானகத்தில் இறைவனிடமிருந்து முடி பெறுகிறார். அவர் மாண்பு பெறப்பட்ட மாண்பு என்பதைக் கதையே மெய்ப்பிக்கிறது. கலம்பகம் முன்னிலையில் விளித்து வேண்டுவதால் விட்டுவிடும் இடத்தைக் காப்பியம் படர்க்கையில் நின்று நிரப்புகிறது.

முடிவுரை

கலம்பகம் கோட்பாட்டினின்று வழுவியது என்று இதனால் கொள்ள வேண்டியதில்லை. மன்றாட்டு மாலையில் பயின்ற அடியார், பாடலில் வெளிப்படாத மூன்றாமவரைத் தாமே இட்டு நிரப்பிக்கொள்வர். வழிபாட்டுச் சூழலினின்று பிரித்துப் பாடநூலாக மட்டும் பயிலும்போதுதான் அவ்விடம் வெற்றிடமாகிறது. ஆகவே இந்நூலைக் காப்பியத்தோடும் மறுப்புரைநடையோடும் வழிபாட்டு மொழியோடும் சேர்த்துப் பயில்வதே பொருந்தும். அடைமொழிகளைத் தொகுப்பதினும் வேண்டுதல் வினைகளின் எழுவாயையும் இலக்கையும் ஆராய்வது, கிறித்தவச் சிற்றிலக்கிய ஆய்வுக்கு உறுதியான அடிப்படையை நல்கும்.