கோழிக்கறிக்கு இயற்கைக் காப்பு: எதற்கு உதவும், எதற்கு உதவாது

ரோஸ்மேரிச் சாறு, பச்சைத் தேயிலை, மாதுளைத் தோல், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் பூச்சு என ஃபிரிட்ஜில் வைக்கும் கோழிக்கறியைக் கூடுதல் நாள் காக்கப் பல வழிகள் முன்வைக்கப்படுகின்றன. இவற்றை ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது தவறு. ஏனென்றால் கறி கெடுவது ஒரே வழியில் அல்ல.

மாட்டுக் கொழுப்பைவிடக் கோழிக் கொழுப்பில் நிறைவுறா அமிலங்கள் அதிகம். அவை ஆக்சிஜனோடு சேர்ந்து காறிப்போகின்றன. அரைத்த கறியில் காற்று உள்ளே புகுவதாலும், வேகவைத்த கறியில் இரும்புச்சத்து விடுபடுவதாலும் இது விரைகிறது. அங்கே ரோஸ்மேரியின் கார்னோசிக் அமிலம் நன்றாகவே வேலை செய்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் ரோஸ்மேரிச் சாற்றை இ392 என்ற எண்ணில் அனுமதித்ததற்கு வலுவான காரணம் உண்டு.

தோல் நீக்கிய பச்சை நெஞ்சுக்கறியின் கதை வேறு. அதில் கொழுப்பே குறைவு. காறல் எட்டிப்பார்க்கும் முன்பே, 4 டிகிரியிலும் பெருகும் சூடோமோனாஸ் பாக்டீரியா கறியைக் கொழகொழப்பாக்கி நாற வைத்துவிடும். ஆகவே ஆக்சிஜனேற்றத் தடுப்பான் மட்டும் சேர்த்துப் பயனில்லை. இங்கே கைட்டோசான்தான் பொருத்தம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் அதைக் கரைத்து, துண்டை முக்கி வடியவிட்டால் மெல்லிய படலம் படியும். அதன் நேர்மின்னூட்டம் பாக்டீரியாவின் மேலுறையைக் குலைக்கிறது. ஆனால் கறியில் புளிப்பு தங்கலாம். இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்காக மூலப்பொருளை உறையில் அச்சிட்டே ஆக வேண்டும்.

ஓரிகானோ, தைம் எண்ணெய்களை நான் ஏற்கத் தயங்குகிறேன். கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சேர்த்தால் கறியின் மணமே மாறிவிடும். கெட்ட வாடையையும் அது மறைக்கும். அதுவே பெரிய ஆபத்து. நோய் தரும் சால்மோனெல்லா பாக்டீரியாவோ வாடையால் தன்னைக் காட்டிக்கொடுக்காது.

இந்த வழிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வெப்பநிலை ஏறி இறங்குவதில்லை. கடை ஃபிரிட்ஜின் கதவு நாள் முழுக்கத் திறந்து மூடப்படுகிறது. ஒரு பூச்சை மதிப்பிட வெறும் கறியோடு ஒப்பிட்டால் போதாது. காற்று நீக்கிய உறையோடும், ஏறி இறங்கும் குளிரிலும் ஒப்பிட வேண்டும்.

என் முடிவு இது: அரைத்த கறிக்கும் வேகவைத்த கறிக்கும் ரோஸ்மேரிச் சாற்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பச்சைத் துண்டுகளுக்குக் கைட்டோசான் பூச்சு தகும். சுத்தமாக வெட்டி, உடனே குளிர்வித்த கறிக்கு மட்டுமே அது தகும். அழுக்கான வெட்டுமேடையை எந்தப் பூச்சும் ஈடுகட்டாது.