கண் கண்டதும் கட்சி கண்டதும்

சொற்போர் மூவர் கூடி நிகழ்த்தும் கலை. இருவர் பேசுவர், மூன்றாமவர் கேட்பார். பேசுவோரின் திறத்தைக் குறித்துத் திறனாய்வாளர் நிறையவே எழுதியுள்ளனர். கேட்பவரைக் குறித்து எழுதியது குறைவு. நமது பட்டிமன்றத்தில் நடுவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவருடைய தீர்ப்பை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆயினும் இரு பக்கத்தையும் கேட்டு முடிக்கும்வரை தீர்ப்பில்லை என்ற ஒழுங்கை அவரது இருக்கை நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. தொலைக்காட்சியில் நடைபெறும் அரசியல் விவாதத்தில் நெறியாளர் உண்டு. தீர்ப்புச் சொல்பவர் இல்லை. பார்க்கும் ஒவ்வொருவரும் அங்கே நடுவராகிறார். அந்த நடுவரின் நேர்மை எத்தகையது?

இதற்கு விடை தேட, பெரிதும் பேசப்பட்ட ஒரு விவாதத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட பெருங்கட்சி வேட்பாளர் இருவர், தொலைக்காட்சியில் முதன்முறையாக நேருக்கு நேர் நின்றது 1960 செப்டம்பர் 26 அன்று. இடம், சிகாகோ நகரிலிருந்த சி.பி.எஸ். நிறுவனத்தின் ஒளிபரப்பு அரங்கம். ஒருபுறம் செனட் அவை உறுப்பினர் ஜான் கென்னடி. மறுபுறம் துணைக் குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன். உள்நாட்டு அரசியலே பொருள். முதலில் ஆளுக்கு எட்டு நிமிடம் பேச்சு, பின்னர்ச் செய்தியாளர் நால்வரின் வினாக்கள், இறுதியில் முடிவுரை. ஒரு மணி நேர நிகழ்ச்சியை ஏறத்தாழ 7 கோடிப் பேர் பார்த்தனர்.

அந்த இரவைப் பற்றி ஒரு கதை உலகெங்கும் வழங்குகிறது. முழங்காலில் நோய்த்தொற்று ஏற்பட்டு மருத்துவமனையிலிருந்து அண்மையில் திரும்பியிருந்த நிக்சன், மெலிந்து, வெளிறி, வியர்வை வழியத் தோன்றினார். அவரது சாம்பல் நிற உடை பின்திரையோடு கலந்து மங்கியது. கென்னடியோ வெயில் பட்ட முகமும் கருநிற உடையுமாகப் பொலிந்தார். ஆகவே, வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றார் என்றனர். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றார் என்றனர். செவி அறிவைக் கேட்டது, கண் அழகில் மயங்கியது என்பதே இக்கதை தரும் பாடம்.

பாடம் இனிமையானது, அடிப்படையோ மெலிந்தது. 1987-ஆம் ஆண்டில் டேவிட் வான்சில், சூ பெண்டெல் என்னும் ஆய்வாளர் இருவர் இக்கதையின் வேரைத் தேடிச் சென்றனர். அவர்கள் கண்ட முதன்மையான சான்று, சிண்ட்லிங்கர் என்ற நிறுவனம் எடுத்த ஒரே ஒரு கருத்துக் கணிப்பு. அதில் வானொலி வழியாக மட்டும் கேட்டவர்கள் 282 பேர். அவர்களிலும் வென்றவர் யாரென்று கருத்துரைத்தோர் 178 பேர் மட்டுமே. அக்காலத்தில் அமெரிக்க இல்லங்கள் பத்தில் ஏறத்தாழ ஒன்பதில் தொலைக்காட்சிப் பெட்டி வந்துவிட்டது. எஞ்சியிருந்த வானொலி நேயர்களில் சிற்றூர் மக்களும் புரோட்டஸ்டன்ட் சபையினரும் மிகுந்திருக்கலாம். அவர்கள் கென்னடியை முன்னரே விரும்பாதவர்களாய் இருந்திருக்கலாம். அவ்வாறாயின் அவர்களது தீர்ப்பு, விவாதம் தொடங்கும் முன்பே எழுதப்பட்டுவிட்ட ஒன்று. செவிக்கும் கண்ணுக்கும் இடையே நிகழ்ந்த போட்டியென்று நாம் எண்ணியது, பற்றுக்கும் பற்றுக்கும் இடையே நிகழ்ந்த போட்டியாகவே இருந்திருக்கக்கூடும்.

இந்த ஐயத்துக்கு வலுவூட்டும் சான்று முன்பே இருந்தது. அவ்விவாதங்களைப் பற்றிய கருத்துக் கணிப்புகளைத் திரட்டி, எலியூ காட்சும் ஜேக்கப் பெல்ட்மனும் எழுதிய கட்டுரை 1962-இல் வெளிவந்தது. முதல் விவாதத்தில் பொதுவாகக் கென்னடியின் கை ஓங்கியிருந்தது உண்மை. ஆனால் வென்றவர் யாரென்ற தீர்ப்பைப் பெரிதும் வகுத்தது, பார்த்தவர் ஏற்கெனவே கொண்டிருந்த சார்பு. கென்னடியின் ஆதரவாளர் கென்னடியை வாழ்த்தினர். நிக்சனின் ஆதரவாளர் தம்மவரையே வாழ்த்தினர், அல்லது இருவரும் சமம் என்று சொல்லி ஒதுங்கினர். 'சமம்' என்ற சொல்லுங்கூட, சொல்பவரைப் பொறுத்துத் தோல்வியை மறைக்கும் போர்வையாகிவிடுகிறது!

அப்படியானால் முகத்துக்கு ஆற்றலே இல்லையா? உண்டு. 2003-இல் ஜேம்ஸ் டிரக்மன் என்ற அறிஞர் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பழைய விவாதத்தைப் பற்றி ஏதும் அறியாத மாணவரைக் கொண்டு நடத்தப்பட்டது. சிலர் ஒலியை மட்டும் கேட்டனர். சிலர் காட்சியோடு பார்த்தனர். பார்த்தவர்கள் கென்னடியின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தனர். எனவே, பழைய கதை முழுப் பொய்யுமன்று. முன்சார்பு இல்லாதவரை முகம் இழுக்கிறது; முன்சார்பு உள்ளவரை அணி இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே, பேசப்பட்ட பொருளுக்குக் கிடைத்த இடம் எவ்வளவு?

பொருள் இருந்தது என்பதே இங்கு வருந்தத்தக்கது. ஆசிரியர் ஊதியத்தைப் பற்றி அன்றிரவு எழுந்த வாதத்தை எண்ணிப் பார்ப்போம். ஆசிரியருக்கு உயர்ந்த ஊதியம் வேண்டும் என்பதில் நிக்சனுக்கு மறுப்பில்லை. ஆனால் நடுவண் அரசு ஊதியம் கொடுக்கத் தொடங்கினால், எதைக் கற்பிக்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரமும் நாளடைவில் அதன் கைக்குப் போய்விடும் என்று அவர் அஞ்சினார். நிதியை மாநிலங்களிடம் ஒப்படைத்து, செலவிடும் முடிவை அவற்றுக்கே விட்டுவிட்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை என்பது கென்னடியின் மறுமொழி. அரசு மானியத்தோடு பள்ளி நடத்தும் எந்தச் சமூகத்துக்கும் இது ஆழ்ந்து சிந்திக்கத்தக்க வாதம். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அந்த இரவைப் பற்றிப் பேசுவோரில் இதை நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? வியர்வையை மட்டும் எல்லாரும் அறிவர்.

இன்னொன்றும் கருதத்தக்கது. அந்தத் தேர்தலைப் பற்றி 1961-இல் நூல் எழுதிய தியோடர் வைட், நிக்சனிடம் கண்ட குறை இது: அவர் கென்னடிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், கென்னடியோ நாட்டு மக்களை நோக்கிப் பேசினார். தேர்தல் உத்தியாகப் பார்த்தால் இது சரியான கணிப்பே. ஆனால் சொற்போரின் இலக்கணத்தை வைத்துப் பாருங்கள். எதிரே நிற்பவரின் கூற்றை எடுத்து, ஏற்பதை ஏற்று, மறுப்பதை மறுப்பவர் அங்கே பிழை செய்தவராகிறார். தொடக்கவுரையிலேயே, கென்னடி கூறிய குறிக்கோள்களில் தமக்கு உடன்பாடு உண்டு, வழிமுறையில்தான் வேறுபாடு என்றார் நிக்சன். நல்ல உரையாடல் அங்கிருந்துதான் பிறக்கும். ஆனால் வெற்றி தோல்வி பார்ப்பவருக்கு அது சரணாகதி. இவ்வாறு பார்வையாளரின் கட்சி மனம் விவாதத்தைத் தவறாக மதிப்பிடுவதோடு நிற்பதில்லை. எதிராளிக்குச் செவிகொடுப்பவரைத் தண்டித்து, அடுத்து வரும் விவாதங்களையும் கெடுக்கிறது.

கத்தோலிக்கராகிய நமக்கு இந்த நிகழ்ச்சியில் தனியான ஒரு பாடம் உண்டு. விவாதத்துக்கு இரு வாரங்களுக்கு முன், செப்டம்பர் 12 அன்று, ஹூஸ்டன் நகரில் புரோட்டஸ்டன்ட் போதகர்கள் முன் கென்னடி பேசினார். தம்மைக் கத்தோலிக்க வேட்பாளராகப் பார்க்க வேண்டாம், கத்தோலிக்கராகவும் இருக்க நேர்ந்த ஒரு கட்சியின் வேட்பாளராகப் பாருங்கள் என்பது அவரது வேண்டுகோளின் சாரம். நாடு என்ன செய்தது? காலப் நிறுவனத்தின் கணக்குப்படி, 1956-இல் கென்னடியின் கட்சிக்கு வாக்களித்த கத்தோலிக்கர் நூற்றுக்கு 51 பேர். 1960-இல் அது 78 ஆயிற்று. புரோட்டஸ்டன்ட் வாக்காளருள் 62 பேர் நிக்சன் பக்கம் நின்றனர். அவர் வேண்டாமென்றதை இரு சாராருமே கணிசமாகச் செய்தனர் என்றே தோன்றுகிறது.

1928-இல் அல் ஸ்மித் தோற்றபோது மதக் காழ்ப்பை நேரில் அனுபவித்த ஒரு சமூகம், தன்னவர் ஒருவர் எழுந்து நிற்கையில் நெஞ்சு நிமிர்ந்ததைக் குறை சொல்லலாகாது. ஆனால் மறு தரப்பாரின் சார்பை மதவெறி என்றும், நம்முடைய சார்பை இயல்பான பாசம் என்றும் பெயரிட்டு அழைத்தால், நமது தராசின் தட்டு எப்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பது தெளிவு.

எந்த அணியிலும் சேராதவர் இதினின்று தப்பிவிட்டாரா? 1976 அக்டோபர் 6 அன்று சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று கூறிவிட்டார் ஜெரால்டு ஃபோர்டு. பெரும் பிழை. ஆயினும் நிகழ்ச்சி முடிந்தவுடன் கேட்கப்பட்டவர்களில் ஃபோர்டே வென்றார் என்றோர் மிகுதி. மறுநாள் செய்தியாளர்கள் அப்பிழையைத் திரும்பத் திரும்பச் சுட்டிய பிறகே, வெற்றி ஜிம்மி கார்ட்டருடையது என்ற எண்ணம் ஓங்கியது. கட்சி சொல்லித் தராத தீர்ப்பைச் செய்தித்தாள் சொல்லித் தந்தது.

ஆகவே, ஒளிப்படக் கருவியையும் ஒப்பனையையும் குறை கூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. பிறர் முகத்தில் மயங்கினர், நாமோ பொருளைக் கண்டோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்ள இடம் தருவதனால்தான் அந்தக் கதை இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தது போலும். சொல்பவர் யாராயினும் சொல்லப்படும் பொருளின் மெய்யைக் காண்பதே அறிவு என்ற குறள்நெறியைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். விவாதம் முடிந்ததும் 'வென்றவர் யார்?' என்று கேட்பது எளிது. அதற்கான விடை பெரும்பாலும் நம் பையிலேயே இருக்கிறது. 'நான் ஏற்காதவர் சொன்னவற்றுள் என்னால் மறுக்க முடியாதது எது?' என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். அதற்கு விடை சொல்ல, அவர் பேசியதை உண்மையிலேயே கேட்டிருக்க வேண்டும்.