கேள்வி

தமிழில் பேசிய ஒருவரை நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன். வெட்கத்துடன் இதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

பாவா முகையதீனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பார்கள் அவர் சீடர்கள். 1940களில் யாழ்ப்பாணத்தில் அறியப்பட்டவர். முஸ்லிம்களோடு இந்துக்களும் அவரை நாடி வந்தார்கள். 1971இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குப் போனார். 1986 டிசம்பரில் அங்கேயே மறைந்தார். குணங்குடி மஸ்தானும் தக்கலை பீர் முகம்மதுவும் பாட்டாகச் செய்து வைத்துப் போனார்கள். இவர் விட்டுப்போனது பேச்சு. அருகிலிருந்தவர்கள் அதை ஆங்கிலமாக்கினார்கள், ஒலிநாடாவில் பிடித்தார்கள், நாடாவிலிருந்து நூல்கள் வந்தன.

அந்த நூல்களின் கடைசியில் ஒரு சொற்பட்டியல் இருக்கும். ஒவ்வொரு சொல்லும் அரபா தமிழா என்று குறித்திருப்பார்கள். ஆதி, அனாதி, மாயை - நம் வாயில் தேய்ந்து போன சொற்கள் அங்கே விளக்கம் வேண்டி நிற்கின்றன. சீடர்களைக் கண்ணின் ஒளியான ரத்தினங்களே என்று அவர் அழைப்பதாக ஆங்கிலத்தில் வருகிறது. இதன் பின்னால் நம்முடைய 'கண்மணி' இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. சினிமா வசனத்தில் செத்துப்போன சொல் அது. மொழிபெயர்ப்பாளனின் கையில் பிரிந்தபோது அதற்குள்ளிருந்த படிமம் மறுபடி கண் திறந்திருக்கிறது. ஒரு குருவின் பாதிப்பு என்று நாம் ஏதோ சூட்சுமமாகப் பேசுவதில் ஒரு பகுதி இப்படி மொழியின் தளத்தில் நிகழ்வது. அமெரிக்கர்கள் முதல் தடவையாகக் கேட்டதை நாம் கேட்டுக் கேட்டு இழந்திருந்தோம்.

ஆனால் தமிழில் 'கேள்வி' என்பதற்கு இரண்டு அர்த்தம். காதால் கேட்பதும் கேள்விதான். எதிரே இருந்து வினவுவதும் கேள்விதான். பாவா இருந்தவரை இரண்டும் நடந்தன. தமக்குப் பின் இன்னொரு குருவை அவர் நியமிக்கவில்லை. இப்போது குரல் இருக்கிறது. கோட்ஸ்வில் அருகே அவர் அடக்கமான இடம் இருக்கிறது, ஜியாரத்துக்கு வருகிறார்கள். 1984இல் திறந்த பள்ளிவாசலில் தொழுகை நடக்கிறது. நாடாவிடம் வினவ முடியாது. முதல் கேள்வி நிலைத்து, இரண்டாவது நின்று போனது.

அவரிடம் வந்து போனவர்களில் கோல்மன் பார்க்ஸ் ஒருவர். பாரசீகம் அறியாத இந்தக் கவிஞர், பிறர் மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொண்டு ரூமியை ஆங்கிலத்தில் புதிதாக எழுதினார். 1995இல் வந்த அவருடைய தொகுப்பு ஏராளமாக விற்றது. இந்த வேலையைச் செய்யச் சொன்னவர் பாவாதான் என்கிறார் பார்க்ஸ். இவருடைய ரூமியில் இஸ்லாம் வடிந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. ஆச்சரியம் என்னவென்றால், ஒரே ஆசானிடமிருந்து ஒரு பக்கம் பள்ளிவாசல், இன்னொரு பக்கம் இந்த ரூமி. காப்பாற்றுகிறவன் விசுவாசியா, மாற்றுகிறவனா? பார்க்ஸ் இழந்தது அதிகம் என்றாலும், ஆசான் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் தானாக ஒன்றைச் செய்தார் என்பதை என்னால் ஒதுக்க முடியவில்லை.

வங்கியில் மாதிரிக் கையெழுத்தோடு காசோலைக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறவன் நான். உயிருள்ள கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். அச்சாக ஒத்துப்போனால்தான் சந்தேகம் வரும்.

பிலடெல்பியாக்காரர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கும் குருமார்கள் உண்டு. மறைந்தபின் அவர்களுடைய வாக்கியங்களும் வெறுப்புகளும் நம் எழுத்தில் தொடர்கின்றன. சென்ற வாரம் என் பழைய கட்டுரை ஒன்றை எடுத்துப் படித்தேன். வாக்கியத்துக்கு வாக்கியம் என் ஆசானுடைய நடை. பத்து வருஷம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட எதிர்த்து எதுவும் கேட்டதில்லை.