இருட்டை யாரும் விற்பதில்லை

ஹோம் சினிமாவுக்கு ப்ரொஜெக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு என்று எழுதப்படும் பரிந்துரைகளைக் கொஞ்ச நாளாக வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் சொந்த விஷயம்தான். துபாயில் இருக்கிற என் மச்சான் வாசுதேவநல்லூரில் வீடு கட்டுகிறார். மாடியில் 12க்கு 16 அடியில் ஒரு அறை, வரைபடத்திலேயே ‘தியேட்டர் ரூம்’ என்று பேர் போட்டாச்சு. அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “மாப்ள, எத்தனை லூமென்ஸ் எடுக்கணும்னு மட்டும் சொல்லு, மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

அந்தக் கேள்வி அவருடையது மட்டும் இல்லை. படித்த பரிந்துரைகளில் பெரும்பாலானவை அங்கேதான் ஆரம்பிக்கின்றன. முதலில் மெஷின், அடுத்து திரை, கடைசியில் இடமிருந்தால் அறையைப் பற்றி நாலு வரி. யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்பது வருவதே இல்லை. இந்த வரிசை தலைகீழ் என்பதுதான் என் விமர்சனம். பல வருஷம் வெளிநாட்டில் கிடந்து சேர்த்த லட்சங்களை ஒருவர் எடுத்து வைக்கும்போது, வரிசை தப்பினால் காசும் தப்பான இடத்துக்குப் போகும்.

லூமென் கணக்கு

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிஜிட்டல் சினிமாவுக்கு ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து 2005இல் வெளியிட்ட விதிமுறைப்படி, தியேட்டர் திரையில் வெள்ளை நிறம் 48 நிட் பிரகாசம் இருந்தால் போதும். நிட் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து நம் கண்ணை நோக்கி வரும் வெளிச்சத்தின் அளவு. மச்சான் கேட்பது 120 அங்குலத் திரை. அகலம் 2.66 மீட்டர், உயரம் 1.49 மீட்டர், பரப்பு ஏறத்தாழ 4 சதுர மீட்டர். சாதாரண மேட் வெள்ளைத் திரையில் 48 நிட் வர எவ்வளவு வேணும்? 48ஐயும் பரப்பையும் பையையும் பெருக்கினால் 600 லூமென்.

ஆமா, அறுநூறுதான். கடையில் 3,000 லூமெனுக்குக் குறைந்து பேசமாட்டார்கள். அந்த 3,000ஐயும் இதே திரையில் அப்படியே கொட்டினால் 240 நிட், தியேட்டரைப் போல அஞ்சு மடங்கு.

நியாயமாகச் சொன்னால், பெட்டியில் எழுதியிருப்பது முழுசாகத் திரைக்கு வராது. நிறத்தைச் சரிப்படுத்தினால் கொஞ்சம் போகும், லென்ஸை ஜூம் செய்வதில் கொஞ்சம் போகும், வருஷம் ஆக ஆக மங்கும். லேசர் மெஷின்களுக்கு 20,000 மணி நேரம் ஆயுள் என்று போடுவதும் வெளிச்சம் பாதியாகும் வரைக்குமான கணக்கு. தினம் 3 மணி நேரம் பார்த்தால் 18 வருஷம் வரும். எச்டிஆர் படங்களுக்கும் கூடுதல் வெளிச்சம் நல்லதுதான். அதனால் 1,500லிருந்து 2,000 வரைக்கும் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. அதுக்கு மேலே கேட்பவர் பெரும்பாலும் வேறொரு பிரச்சினையை லூமெனை வைத்துத் தீர்க்கப் பார்க்கிறார். அந்தப் பிரச்சினைக்குப் பேர் அறை வெளிச்சம்.

கறுப்பு எங்கே போகிறது

ப்ரொஜெக்டரால் கறுப்பை அடிக்க முடியாது. படத்தில் கறுப்பு வரும் இடத்தில் வெளிச்சம் போடாமல் இருக்கத்தான் முடியும். அந்த இடத்தில் நாம் பார்ப்பது அறைக்குள் ஏற்கெனவே இருக்கிற வெளிச்சத்தை. ட்யூப் லைட் எரிகிற ஹாலில் திரை மேல் 100 லக்ஸ் விழுகிறது என்று வையுங்கள். வெள்ளைத் திரையில் அது 32 நிட். அப்போது படத்தின் ஆகக் கறுப்பான இடமே 32 நிட். 600 லூமென் மெஷினில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் இரண்டரைக்கு ஒன்று. 3,000 லூமென் வாங்கிப் போட்டாலும் எட்டரைக்கு ஒன்றுதான். அஞ்சு மடங்கு வெளிச்சத்துக்குக் காசு கொடுத்தும் படம் சாயம் போன வேட்டி மாதிரிதான் தெரியும்.

லைட்டை அணைத்தால்? பௌர்ணமி நிலா தரையில் போடும் வெளிச்சம் ஏறத்தாழ கால் லக்ஸ். ஜன்னல் இடுக்கு வழியாக அவ்வளவு மட்டும் திரையில் விழுந்தாலே 48 நிட் படத்தின் கான்ட்ராஸ்ட் 600க்கு ஒன்று ஆகிவிடும். இப்போது விலைப்பட்டியலைப் பாருங்கள். ஜேவிசியின் என்இசட் 7, என்இசட் 8, என்இசட் 9 மூன்றும் 2021இல் அறிவிக்கப்பட்டவை. மெஷினின் இயல்பான கான்ட்ராஸ்ட் முறையே 40,000, 80,000, 1,00,000 என்று கம்பெனி சொல்கிறது. நல்ல மெஷின்கள், சந்தேகமே இல்லை. ஆனால் நாற்பதாயிரத்துக்கும் லட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்காக ஒருவர் கூடுதல் காசு கொடுக்கும்போது, அவர் ஜன்னலில் நிலா நிற்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

ஜன்னலை அடைத்தால் மட்டும் முடிந்துவிடாது. திரையே ஒரு விளக்கு. அதிலிருந்து கிளம்பும் வெளிச்சம் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பித் திரைக்கே வரும். பாதி வெள்ளை, பாதி கறுப்பு உள்ள ஒரு காட்சி என்று வைப்போம். திரை வெளியே விட்ட வெளிச்சத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு திரும்பி வந்தால் கறுப்பு அரை நிட் ஆகிறது. 48க்கு அரை, அதாவது 100க்கு ஒன்று. மெஷின் 40,000ஆக இருந்தாலும் லட்சமாக இருந்தாலும் அந்தக் காட்சியில் இரண்டும் ஒன்றே. நம்ம வீடுகளில் கூரை பளிச்சென்ற வெள்ளை, சுவர் இளம் மஞ்சளோ ரோஸோ, தரையில் முகம் பார்க்கிற மாதிரி டைல்ஸ். இரண்டு பங்கு என்பதே குறைச்சலாகச் சொன்ன கணக்கு.

முழுக்க இருட்டான காட்சியில் நல்ல மெஷினின் அருமை வெள்ளை அறையிலும் கொஞ்சம் தெரியும், ஏனென்றால் அப்போது சுவருக்குப் போய்த் திரும்பி வர வெளிச்சமே இல்லை. ஆனால் ஒரு படத்தில் முகமும் விளக்கும் வானமும் உள்ள காட்சிகள்தானே அதிகம்? அங்கே ஜெயிப்பது சுவரின் நிறம். திரையை ஒட்டிய கூரையையும் பக்கச் சுவர்களையும் ஒரு ஆறடி ஆழத்துக்குப் பளபளப்பில்லாத அடர் நிறமாக்கி, தரையில் கறுப்பு ஜமுக்காளம் விரித்து, ஜன்னலுக்குக் கனமான இரட்டைத் திரைச்சீலை போட ஆகும் செலவு, ஒரு மாடலிலிருந்து அடுத்த மாடலுக்குத் தாவும் விலையில் சின்னப் பகுதிதான். அதை விற்க ஷோரூம் கிடையாது. இருட்டுக்கு கமிஷனும் கிடையாது.

டூரிங் டாக்கீஸ்காரர்களுக்கு இது பாடம் படிக்காமலே தெரிந்திருந்தது. திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் துய்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரையும் படச்சுருளையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அதற்குப் பிறகு வந்த கூடாரக் கொட்டகைகளிலும் பொழுது சாய்ந்த பிறகுதான் முதல் ஆட்டம். பக்கவாட்டில் திறந்து கிடக்கிற கொட்டகையில் மெஷினோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்லை, சூரியன் இறங்கட்டும் என்று காத்திருப்பதுதான் வழி.

4கே என்ற மந்திரம்

அடுத்து 4கே. வீட்டுக்கான முதல் உண்மையான 4கே ப்ரொஜெக்டரை சோனி 2011இல் கொண்டு வந்தது. எப்சனின் எல்எஸ் 12000 போன்றவை 1080பி சில்லையே நான்கு இடங்களுக்கு மின்னல் வேகத்தில் நகர்த்தி 4கே படத்தை உண்டாக்குகின்றன. இது ‘ஒரிஜினல் 4கே’ ஆகுமா என்று பக்கம் பக்கமாகச் சண்டை நடக்கிறது. 120 அங்குலத் திரையில் ஒரு 4கே புள்ளியின் அகலம் 0.69 மில்லிமீட்டர். நல்ல கண்பார்வை உள்ளவர் அந்தப் புள்ளியைத் தனியாகப் பிரித்துப் பார்க்க ஏறத்தாழ எட்டடிக்குள் வரவேண்டும். மச்சான் அறையில் சோபா வரப்போவது 12 அடியில். அங்கிருந்து 1080பிக்கும் 4கேக்கும் வித்தியாசம் தெரியும். இரண்டு வகை 4கேக்கும் நடுவே உள்ள வித்தியாசம் சண்டை போடுகிற அளவுக்கு இல்லை.

அதோடு, நாம் பார்க்கப் போவது என்ன? தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் ஓடிடியில்தான் வருகின்றன. நெட்ஃப்ளிக்ஸ் தன் 4கே படங்களுக்குக் கேட்பது நொடிக்கு 15 மெகாபிட் இணைய வேகம். 4கே ப்ளூரே வட்டில் அது 128 வரைக்கும் போகலாம். குழாயில் வருவது அவ்வளவுதான் என்றால் குடத்தை மட்டும் பெரிதாக்கி என்ன செய்ய?

திரை யாருக்காக

திரைக்கு வருவோம். இங்கேதான் பரிந்துரைகள் மேல் எனக்குக் கோபமே. ‘கெயின்’ அதிகமான திரை, வெளிச்சத்தைத் தள்ளும் சாம்பல் நிற ஏ.எல்.ஆர் திரை என்று விலை உயர்ந்தவை பல இருக்கின்றன. திரை தானாக வெளிச்சம் உண்டாக்காது. நடுவில் உட்கார்ந்தவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் அதை ஓரத்தில் இருப்பவரிடமிருந்து எடுத்துத்தான் கொடுக்கும். கெயின் ஏற ஏறப் பார்க்கும் கோணம் சுருங்கும், சிலதில் நடுப்பகுதி மட்டும் பளிச்சென்றும் சிலதில் மினுமினுப்பாகவும் தெரியும். தரையோடு வைக்கிற குறுந்தூர ப்ரொஜெக்டருக்கான வரிவரியான திரையோ, கூரையில் தொங்கும் மெஷினுக்கு ஆகவே ஆகாது. அது மேலிருந்து வரும் வெளிச்சத்தை விழுங்குவதற்கென்றே செய்தது.

இந்த வடிவமைப்பு எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். தனியாக, நட்டநடுவில், சாய்வு சோபாவில். நம்ம பக்கத்து வீடுகளில் அப்படி ஒருவரைத் தேடித்தான் பிடிக்கணும். கோயில் கொடைக்கு ஊர் கூடினால் அந்த அறையில் பதினைந்து பேர் இருப்பார்கள். அத்தைமார் சோபாவில், சித்தப்பா கதவோரம் நாற்காலியில், பிள்ளைகள் முன்னால் ஜமுக்காளத்தில், ஒருத்தன் சுவரோரம் தலையணையில் சாய்ந்து. கொடைக்கு வெள்ளைத் துணி கட்டி 16 எம்எம் படம் போட்ட காலத்தில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தும் ஜனங்கள் பார்த்தார்கள். இடவலம் மாறித் தெரியும், அவ்வளவுதான். அந்தத் துணி எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. ஓரத்தில் இருக்கிற பிள்ளைக்கு மங்கலாகத் தெரிகிற ஒரு திரையை ‘ஹை எண்ட்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இருட்டாக்கிய அறைக்கு சாதாரண மேட் வெள்ளை, கெயின் ஒன்று. மிஞ்சினால் 1.3. சட்டத்தில் இழுத்துக் கட்டிய, சுருக்கம் விழாத திரையாக இருக்கட்டும். சுற்றிலும் கறுப்பு வெல்வெட் பார்டர் அவசியம். பக்கத்தில் கறுப்பு இருந்தால் படத்தின் நிறம் கண்ணுக்கு எடுப்பாகும்.

திரையின் வடிவத்துக்கும் ஒரு வார்த்தை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. இன்றைக்கு நம் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப்தான், 2.39க்கு 1. 16க்கு 9 திரையில் அதைப் போட்டால் மேலும் கீழும் சேர்த்துக் கால் பங்கு கறுப்புப் பட்டையாகும். அதனால் ஸ்கோப் திரையே வாங்குங்கள் என்கிறார்கள். அது உயரம் குறைவாகவும் அகலம் தாராளமாகவும் உள்ள அறைக்குப் பொருந்தும். 12 அடிச் சுவரில் நம்மை இடிப்பது அகலம். ஸ்கோப் திரை வாங்கினாலும் படம் ஒரு அங்குலம்கூடப் பெரிதாகாது, கிரிக்கெட்தான் சின்னதாகும். 16க்கு 9 வாங்கிக்கொண்டு, பட்டை விழும் இடத்தை மறைக்கக் கறுப்புத் துணி மூடிய இரண்டு பலகை செய்து வைத்தால் போதும்.

கடைசியாக, எந்தப் பட்டியலிலும் நான் பார்க்காதவை இரண்டு. ஒன்று சீலிங் ஃபேன். கூரையில் மாட்டிய ப்ரொஜெக்டரின் ஒளி அறையின் நடுவே போகும்போது ஃபேன் இறக்கை குறுக்கே சுற்றினால் படம் துடிக்கும். ஃபேனை எங்கே தொங்கவிடுவது என்பதைக் கூரைக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே முடிவு செய்யணும். இன்னொன்று தூசி. சாரல் சீசனில் மலையிலிருந்து இறங்கும் காற்று எங்கள் ஊரில் ஜன்னலைச் சும்மா விடாது. ஃபில்டரைக் கையால் எடுத்துச் சுத்தம் செய்கிற மாதிரி மெஷினும், அதை எட்டித் தொடுகிற உயரமும் வேணும். கரண்ட் சட்டென்று போய் வரும் ஊரில் ஒரு யூபிஎஸ்ஸும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மச்சானுக்கு நான் எழுதி அனுப்பிய வரிசை இது. எத்தனை பேர் பார்ப்பார்கள், எங்கே உட்காருவார்கள் என்று தாளில் வரையுங்கள். அறையை இருட்டாக்குங்கள். பிறகு திரை. அதற்கும் பிறகு, மிச்சமுள்ள காசுக்குத் தகுந்த ப்ரொஜெக்டர். பெயிண்ட் அடித்து முடித்த அன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு உள்ளே ஒரு பத்து நிமிஷம் நில்லுங்கள். கண் பழகின பிறகும் நீட்டிய கை தெரியாவிட்டால் கடைக்குப் போகலாம். தெரிந்தால், வெளிச்சம் எந்த இடுக்கு வழியாக வருகிறது என்று தேடி அதை முதலில் அடையுங்கள்.