மினிக்காய்க் கலங்கரை விளக்கம்

இலட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியிலுள்ள மினிக்காய், கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த பவளத் தீவாதலின், கப்பல் நெருங்கும்வரை அதன் தென்னந்தோப்புகள்கூடக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், ஏடனிலிருந்து கொழும்பு நோக்கிய நீராவிக் கப்பல்கள், இத்தீவின் வடக்கிலும் தெற்கிலும் முறையே அட்சரேகையால் பெயர்பெற்ற ஒன்பது டிகிரி, எட்டு டிகிரிக் கால்வாய்கள் என்னும் கடல்வழிகளில் பெருகின. வேகத்தையும் திசையையும் கொண்டு இருப்பிடத்தைக் கணித்த மாலுமிக்குச் சிறு பிழையும் பேரிடராகக்கூடிய இவ்விடத்தில், 1885இல் ஏற்றப்பட்ட விளக்கு உயிர்காக்கும் துணையாயிற்று. புவியின் வளைவு தாழ்ந்த ஒளியைத் தொடுவானுக்குக் கீழே மறைத்துவிடுமாதலின், அதன் வெண்கோபுரம் நாற்பது மீட்டருக்கு மேல் எழுப்பப்பட்டது. அவ்வுயரத்திலேயே, வியக்கத்தக்க எளிமையுடன், அதன் பயனும் பேரழகும் ஒன்றாகின்றன.