உப்பளக் காற்றில் ஒரு குரோம் ரிங்

மரக்காணத்தில் எந்த வண்டி எப்படிக் கெட்டாலும் பழி உப்பின் மேல்தான் விழும். செயின் துருப்பிடித்தால் உப்பு, சைலன்சர் ஓட்டையானால் உப்பு, இன்ஜின் புகைத்தாலும் உப்பு. முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் உப்பு குற்றவாளி இல்லை என்று புரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதமும் இரண்டு செட் பிஸ்டன் ரிங்கும் ஆயின.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி. 98 சிசி, 50க்கு 50 போர்-ஸ்ட்ரோக், 11 பிஎச்பி என்பதெல்லாம் ஊருக்கே மனப்பாடம், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். என்னுடையது எக்ஸாஸ்ட் போர்ட் கொஞ்சம் அகலப்படுத்தி, ஜெட் மாற்றிய இன்ஜின். ஆனால் பந்தய வண்டி இல்லை. காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகும், மாலையில் திரும்பும், நடுவில் உப்புப் பாத்திகளுக்கு இடையே மண்சாலையிலும் ஓடும். பந்தயக்காரர் ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிளாக்கைக் கழற்றி ரிங்கை மாற்றிக்கொள்வார். நமக்கு அது முடியாது. வேகமும் வேண்டும், வருஷக்கணக்கில் உழைக்கவும் வேண்டும். இந்த இரண்டும் கேட்கிற இன்ஜினுக்கு ரிங் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம்.

கஷ்டத்தைக் கூட்டுவது கடை. சென்னை ஜி.பி. ரோட்டில் போய் ஆர்எக்ஸ் ரிங் கேட்டால் ஒரே ஒரு கேள்விதான் வரும்: “ஸ்டாண்டர்டா, இருபத்தஞ்சா, அம்பதா?” அளவு மட்டும்தான். ரிங்கின் முகம் எது, சாதா வார்ப்பிரும்பா, குரோம் பூசியதா என்று நாம் திருப்பிக் கேட்டால் கடைக்காரர் பெட்டியைப் புரட்டிப் பார்க்கிறார். பெட்டியில் ஒன்றும் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று போடுகிறார்கள். நிமிஷத்துக்கு 7,500 சுற்றில் மேலும் கீழும் விநாடிக்கு 125 முறை போய்வரும் ஒரு பொருளுக்குப் போடுவதில்லை. இத்தனைக்கும் ரிங் நமக்கு அந்நியமான சரக்கு இல்லை. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் தொடங்கியது. மறைமலை நகரில் ஐபி ரிங்ஸ், ஜப்பானின் நிப்பான் பிஸ்டன் ரிங் நிறுவனத்தோடு சேர்ந்து 1991இல் வந்தது. மான்செஸ்டரில் ஜான் ராம்ஸ்பாட்டம் 1852இல் ரயில் இன்ஜினுக்காகச் செய்த வெட்டு வளையம், இன்று நம் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்திலேயே தயாராகிறது.

நான் முதலில் போட்டது சாதா வார்ப்பிரும்பு. நல்ல குணம் அதற்கு. போருக்குள் சீக்கிரம் உட்கார்ந்துவிடும். இருநூறு கிலோமீட்டருக்குள் கிக்கர் இறுகியது, இழுவை வந்தது, எனக்குக் கால் தரையில் இல்லை. மூன்றாவது மாதம் இழுவை தளர ஆரம்பித்தது. காலையில் நாலு உதை கேட்டது. நாலாயிரம் கிலோமீட்டரில் பிளாக்கைத் தூக்கினேன். முனைகளுக்கு நடுவே 0.20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் போட்ட ரிங் 0.55 காட்டியது. எக்ஸாஸ்ட் பக்கம் சுவரில் செங்குத்தாக நாலைந்து கோடுகள், நகம் வைத்தால் தட்டுப்பட்டன.

“உப்புதாண்ணே” என்றான் பக்கத்தில் இருந்த பையன். நான் ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். நுரை காய்ந்து, சுண்டி, ஓரத்தில் வழி விட்டிருந்தது. கார்புரேட்டர் வாய்க்குள் விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தேன். நறநறத்தது. தண்ணீரில் போட்டேன், கரையவில்லை. உப்பாக இருந்தால் கரைந்திருக்கும்.

கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் உப்பு இரண்டரை. இரும்பைக் கீறும் வலு அதற்குக் கிடையாது. மணலின் குவார்ட்ஸ் ஏழு. மாலையில் கடற்காற்று கிளம்பும்போதும் உப்பு லாரிக்குப் பின்னால் போகும்போதும் இன்ஜின் மூச்சோடு இழுப்பது இந்த மணல்தூளைத்தான். அது எண்ணெயோடு குழைந்து, சாணைப் பசையாகி, ரிங்கைத் தின்கிறது. இங்கே ஓடும்போது எதிரி மணல், நிற்கும்போதுதான் உப்பு. ரிங் வாங்கும்போது எல்லோரும் வேகத்தைப் பார்க்கிறோம், நாம் பார்க்கவேண்டியது இந்தக் காற்றை.

காற்றைப் பார்த்தால் விடை குரோம். மேல் ரிங்கின் முகத்தில் பூசும் கடின குரோம், சாதா வார்ப்பிரும்பைவிட மூன்று நான்கு மடங்கு கடினம். தூசியைத் தாங்கும். கார் இன்ஜின்காரர்கள் பெருமையாகச் சொல்லும் மாலிப்டினம் பூச்சு, எண்ணெயைத் தன் நுண்துளைகளில் பிடித்துவைத்துச் சூட்டைத் தாங்குவதில் கெட்டிக்காரன். ஆனால் சுத்தமான காற்று கிடைக்கிற இன்ஜினுக்குத்தான் அது சரிப்படும். ஒரு எச்சரிக்கை: உங்கள் பிளாக்கின் சுவரே குரோம் பூசியதாக இருந்தால் குரோம் ரிங்கை நினைத்தும் பார்க்காதீர்கள், ஒன்றையொன்று பிறாண்டிக்கொள்ளும். ஆர்எக்ஸின் வார்ப்பிரும்புச் சுவருக்கு அந்தப் பயம் இல்லை.

திண்டிவனத்தில் லேத் பட்டறைக்குப் போனேன். அடுத்த போர் அடித்து, ஐம்பது ஓவர்சைஸ் பிஸ்டன், மேலே குரோம் ரிங், கீழே சாதா. பட்டறைப் பெரியவர் செட்டைக் கையில் வாங்கியதும் சொன்னார்: “தம்பி, குரோமுக்குக் குறுக்குக் கோடு சுத்தமா விழணும். பளபளன்னு வழிச்சு விட்டா ரிங் வழுக்கிட்டே இருக்கும், கடைசி வரைக்கும் உக்காராது.” ஹோனிங் முடித்து பிளாக்கை வெளிச்சத்தில் காட்டினார். உள்சுவர் முழுக்க சாய்சதுர வலை. எண்ணெய் தங்குவது அந்தப் பள்ளங்களில்தான்.

வீட்டுக்கு வந்து ரிங்கைத் தனியாகப் போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜை நுழைத்தேன். 0.10 தகடே சிக்கிச் சிக்கித்தான் போனது. “புதுசு அப்படித்தான் இருக்கும்” என்று அப்படியே மாட்டிவிடுகிறவர்கள் அதிகம். அங்கேதான் இன்ஜின் பிடிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் போரின் சுற்றளவு 157. சுவரைவிட ரிங் நூறு டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் நீளம் ஏறக்குறைய 0.17 மில்லிமீட்டர் கூடும். 0.10 இடைவெளி இருந்தால் முனைகள் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் ரிங் போவதற்கு வழி இல்லை, சுவரைத்தான் பிறாண்டும்.

அதனால் முனையை ராவி இடைவெளியைக் கூட்ட வேண்டும். ராவும்போது ஒரு கவனம் வேண்டும். மெல்லிய அரத்தை முகத்துப் பக்கத்திலிருந்து உள்பக்கமாக மட்டும் இழுக்க வேண்டும். திருப்பி இழுத்தால் குரோம் விளிம்பு செதிலாகப் பெயரும். நாலு இழுப்பு, ஒரு அளவு. மறுபடி நாலு இழுப்பு. 0.22 வந்ததும் நிறுத்தினேன். ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது, கொஞ்சமும் வருத்தமில்லை.

மாட்டும்போது எழுத்து பொறித்த பக்கம் மேலே வர வேண்டும். டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனின் பள்ளத்தில், ரிங்கின் வாய் வரும் இடத்தில் ஒரு ஊசி இருக்கும். ரிங் சுற்றிப்போய் முனை போர்ட்டில் மாட்டாமல் காப்பது அதுதான். பிளாக்கை இறக்கும்போது இடமும் வலமும் திருகாதீர்கள், முனை போர்ட்டின் ஜன்னலில் சிக்கி முறியும். போர்ட்டை அகலப்படுத்துகிறவர்களும் கேளுங்கள்: தினமும் ஓடும் வண்டிக்கு எக்ஸாஸ்ட் ஜன்னல் அகலம் போரில் 62 முதல் 65 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது 32 மில்லிமீட்டரை ஒட்டி நிறுத்த வேண்டும். விளிம்பை மழுக்கியே ஆக வேண்டும். எவ்வளவு நல்ல ரிங்காக இருந்தாலும் கூர்மையான ஜன்னல் விளிம்பில் பிழைக்காது.

குரோமின் குறையையும் சொல்ல வேண்டும். அது உட்கார எடுத்துக்கொண்ட நேரம் என் பொறுமையைச் சோதித்தது. முதல் ஐநூறு கிலோமீட்டர் கிக்கர் தளர்ச்சி, கீழ்ச்சுற்றில் இழுவை இல்லை. பழைய சாதா ரிங்கையே போட்டிருக்கலாமோ என்று இரண்டு முறை ஸ்பானரை எடுத்தேன். மினரல் 2டி ஆயில், ஒரே வேகத்தில் நிறுத்தாமல் ஏற்றி இறக்கும் ஆக்சிலேட்டர், நீண்ட ஐடிலிங் கூடாது: இவ்வளவுதான் செய்தேன். எண்ணூறைத் தாண்டிய ஒரு காலை, கிக்கர் மேலே முட்டி நின்றது. இறுக்கம் வந்துவிட்டது. அன்று அனுமந்தை தாண்டும்போது வந்த இழுவைக்காக எண்ணூறு கிலோமீட்டர் காத்திருந்தது தகும்.

மூவாயிரத்து ஐந்நூறில் மறுபடி பிளாக்கைத் தூக்கினேன். இடைவெளி 0.26. சுவரில் குறுக்குக் கோடு இன்னும் தெரிகிறது. முழுப் பெருமையும் ரிங்குக்கே கொடுக்க மாட்டேன், இந்த முறை ஃபில்டர் நுரையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழுவி, எண்ணெயில் நனைத்துப் பிழிந்து மாட்டினேன்.

உப்பின் கணக்கு மழைக்காலத்தில் வரும். ஐப்பசி பிறந்து பாத்திகள் மூழ்கினால் உப்பளத்து வண்டிகள் பலவும் வாரக்கணக்கில் நிற்கும். எக்ஸாஸ்ட் ஜன்னல் திறந்த நிலையில் பிஸ்டன் நின்றால், சைலன்சர் வழியே உப்பு ஈரம் உள்ளே வந்து சுவரில் துரு படியும். அடுத்த முறை உதைக்கும்போது ரிங் அந்தத் துருவின் மேல்தான் ஓடும். வண்டியை நிறுத்தியதும் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி, இறுக்கம் வந்து பிஸ்டன் உச்சிக்குப் போகும் இடத்தில் விடுங்கள். பிஸ்டனே ஜன்னலை மூடிக்கொள்ளும். செலவில்லை, அரை நிமிஷ வேலை.

இந்தக் கடற்கரையில் ஓடும் என் வண்டிக்கு அடுத்த செட்டும் குரோம் மேல் ரிங்தான். ரிங் செய்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அளவை அச்சிடுகிற அதே பெட்டியில், ரிங்கின் முகம் எது என்று இன்னொரு வரி தமிழில் போடுங்கள்.